கல்லீரல் மாற்றிலும் ஐசியூவிலும் இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். அவரைப் பார்க்கும் டாக்டரின் பெயருக்குக் கீழே "கல்லீரல் மாற்று, தீவிர சிகிச்சை ஆராய்ச்சியாளர்" என்று போட்டிருக்கிறது. கல்லீரலை மாற்றி வைக்கும் ஆபரேஷனை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களே, இனி எதை ஆராய்கிறார்? ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்து கேட்டால் போடலாமா?

நான் பல வருடங்களாகக் கல்லீரல் நோயாளிகளுக்கான ஐசியூவில் வேலை பார்க்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஆபரேஷன் பழசு என்பது உண்மைதான். 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கல்லீரலை மாற்றி வைத்தார். மூன்று வயதுக் குழந்தை. ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் மேசையிலேயே உயிர் போனது. அடுத்து செய்யப்பட்டவர்களும் சில வாரங்களைத் தாண்டவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1967ல்தான் அவர் மாற்றி வைத்த ஒரு குழந்தை ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. அடுத்த வருடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் தொடங்கினார். அப்போதும் ஓராண்டைக் கடந்தவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து, உடம்பு புது உறுப்பை நிராகரிப்பதைக் கட்டுப்படுத்திய பிறகே நிலைமை மாறியது. இனி இது சோதனை முயற்சி இல்லை, முறையான சிகிச்சை என்று 1983ல் அமெரிக்காவில் கூடிய நிபுணர் மாநாடு அறிவித்தது. இன்று நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டைக் கடக்கிறார்கள்.

அப்படியானால் மிச்சம் என்ன? "எப்போது" என்ற கேள்வி. உங்கள் டாக்டரின் கட்டுரைத் தலைப்புகளை எடுத்துப் பார்த்தால் மூளை வீக்கம், கிருமித் தொற்று, ரத்தம் உறைதல், தசை இளைப்பு என்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். ஆனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டும்: இந்த நோயாளிக்கு இப்போதே மாற்ற வேண்டுமா, இன்னும் காத்திருக்கலாமா, இல்லை, நேரம் கடந்துவிட்டதா?

இது ஏன் இவ்வளவு சிரமம் என்று சொல்கிறேன். மற்ற உறுப்புகளிலிருந்து கல்லீரல் வேறுபடுகிறது. சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ் இருக்கிறது, நுரையீரலுக்கு வென்டிலேட்டர் இருக்கிறது. கல்லீரல் செய்யும் வேலையை முழுதாக எடுத்துச் செய்ய இன்றுவரை எந்த இயந்திரமும் இல்லை. அதே சமயம், தானாக வளர்ந்து மீளும் சக்தியும் இதற்குத்தான் அதிகம். அதனால் சீக்கிரம் அவசரப்பட்டால், தானாகவே தேறியிருக்கக்கூடிய கல்லீரலை வெட்டி எடுத்துவிட்டு, அந்த மனிதரை வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையில் தள்ளிவிடுவோம். தாமதித்தால் அவர் இறந்துபோவார். இன்னும் மோசம், கைமீறிப்போன ஒருவருக்கு மாற்றி வைத்து அவரும் பிழைக்காமல், காத்திருப்புப் பட்டியலில் அடுத்திருந்தவருக்கும் அந்தக் கல்லீரல் கிடைக்காமல் போகும்.

ஒரு இரவை நினைத்துப் பாருங்கள். பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிய ஒரு இளம்பெண். முந்தின நாள் வரை கல்லீரலில் ஒரு கோளாறும் கிடையாது. சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தவள் இரவு பத்து மணிக்குத் தேதியை மாற்றிச் சொல்கிறாள். கையை நீட்டி மணிக்கட்டை உயர்த்தச் சொன்னால் விரல்கள் பறவை இறக்கை அடிப்பதுபோலப் படபடக்கின்றன. ஒரு மணிக்குக் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்க்கிறோம், அரை மணிக்கு ஒரு தடவை. தமனி ரத்தத்தை எடுத்து லாக்டேட் பார்க்கிறோம், உடம்பு திணறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள் அது. அறுவை நிபுணர் போனில் கேட்பது ஒரே கேள்வி: "பட்டியலில் போடவா?"

அந்த நேரத்தில் கையில் இருப்பது லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலிருந்து 1989ல் வந்த ஒரு அளவுகோல். அங்கே கல்லீரல் திடீரெனச் செயலிழந்து சேர்ந்த 588 நோயாளிகளின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை, எந்த எண் அதை முன்கூட்டியே காட்டியது என்று பிரித்தெடுத்தார்கள். பாராசிட்டமால் விஷத்தில், போதிய திரவம் ஏற்றிய பிறகும் தமனி ரத்தத்தின் பிஹெச் 7.3க்குக் கீழே இருந்தால், அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தால், மாற்று இல்லாமல் பிழைப்பது கடினம். பிஹெச் சரியாக இருந்தாலும் ஆழ்ந்த மயக்கம், மிகவும் குறைந்த உறைதல், சிறுநீரகம் செயலிழப்பது மூன்றும் ஒன்றாக வந்தால் அதுவும் அதே எச்சரிக்கை. 2002ல் லாக்டேட்டையும் இதோடு சேர்த்தார்கள். அறுவையே இல்லாத, கோப்புகளைப் புரட்டிச் செய்த ஆராய்ச்சி இது. ஆனால் எத்தனையோ இரவுகளில் எத்தனையோ ஐசியூக்களில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே கோடு போட்டது இதுதான்.

அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதுதான் அடுத்த விஷயம். சிகிச்சை மேம்பட மேம்பட, மாற்று இல்லாமலே பிழைப்பவர்கள் கூடுகிறார்கள், பழைய அளவுகோல் பழசாகிறது. அதே மருத்துவமனையில் 35 வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1973-78ல் சேர்ந்தவர்களில் உயிரோடு வீடு திரும்பியவர்கள் சுமார் 17 சதவீதம். 2004-08ல் 62 சதவீதம். மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுவது 1984-88ல் 76 சதவீதம் பேருக்கு இருந்தது, 2004-08ல் 20 சதவீதமாக இறங்கிவிட்டது. மாற்று அறுவை இதில் ஒரு பங்குதான். தலையை உயர்த்தி வைப்பது, ரத்தத்தில் சோடியத்தைச் சற்று மேலே நிறுத்துவது, மூளையைக் குழப்பும் அம்மோனியா ரத்தத்தில் ஏறுமுன்பே சிறுநீரக இயந்திரத்தைத் தொடங்கிவிடுவது, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வது என்று பெரிதாகப் பெயர் வாங்காத வேலைகள் மீதியைச் செய்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் 30 நோயாளி, 50 நோயாளி என்று சேர்த்துச் செய்த ஆய்வு இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

உங்கள் அப்பா விஷயம் வேறு. சிரோசிஸ் வருடக்கணக்காக மெல்ல நகரும் நோய். இங்கே "எப்போது" என்பதற்கு மெல்ட் ஸ்கோர் என்ற எண்ணைப் பார்ப்போம். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 6 முதல் 40 வரை ஒரு எண் வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதை உருவாக்கியபோது மாற்று அவர்கள் மனதிலேயே இல்லை. கல்லீரலுக்குள் குழாய் வைத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேறொரு சிகிச்சைக்குப் பிறகு யார் தாங்குவார்கள் என்று பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் சிரோசிஸில் அடுத்த மூன்று மாதத்துக்குள் யாருக்கு ஆபத்து என்பதையும் அது நன்றாகச் சொல்லிவிட்டது. 2002 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் கல்லீரலைப் பங்கிடுவது இந்த எண்ணை வைத்துத்தான். அதற்கு முன் வரிசையில் எவ்வளவு நாள் நின்றார் என்பதற்குப் பெரிய இடம் இருந்தது. அதிகம் காத்திருந்தவருக்கு என்பது போய், அதிகம் ஆபத்தில் இருப்பவருக்கு என்று ஆனது.

இந்த எண்ணிலும் ஒரு அநியாயம் ஒளிந்திருந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு, ஆகவே அவர்களின் சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தாலும் எண் குறைத்துக் காட்டும். வரிசையில் பெண்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள், காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, பெண்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்த மெல்ட் 3.0 அமெரிக்காவில் 2023ல்தான் நடைமுறைக்கு வந்தது. இருபது வருடம் ஆகியிருக்கிறது. புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியாளரால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சிரோசிஸ் இருப்பவர் திடீரென்று சரிவதும் உண்டு. ஒரு தொற்று, ஒரு ரத்த வாந்தி, கொஞ்ச நாள் குடி, ஏதோ ஒன்று போதும். சிறுநீரகம், மூளை, நுரையீரல் என்று வரிசையாகக் கைவிரிக்கும். இதற்குத் தனிப் பெயரும் இலக்கணமும் கொடுத்தது 2013ல் வெளியான கனோனிக் ஆய்வு. ஐரோப்பாவில் 8 நாடுகளில் 1343 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேல் உறுப்புகள் செயலிழந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். ஐசியூவில் இருக்கும் எங்களுக்கு இதன் தொடர்ச்சியாக வந்த ஒரு முடிவுதான் முக்கியம்: சேர்ந்த அன்று எப்படி இருக்கிறார் என்பதைவிட, மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் எப்படி இருக்கிறார் என்பதே எதிர்காலத்தைச் சரியாகச் சொல்கிறது. அதனால்தான் குடும்பத்தாரிடம் "சில நாள் பார்க்கலாம்" என்கிறோம். அது தட்டிக்கழிக்கும் பேச்சு இல்லை.

சரி, மூன்று உறுப்புகள் போன நிலையில் மாற்றி வைத்தால்? முன்பெல்லாம் வேண்டாம், வீண் என்றே நினைத்தோம். 2017ல் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு ஆய்வில் அப்படிப்பட்ட 73 பேருக்கு மாற்றினார்கள், ஓராண்டு கழித்து சுமார் 84 சதவீதம் பேர் உயிரோடு. அதே நிலையில் மாற்று கிடைக்காதவர்களில் 8 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாருக்கும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அந்த 73 பேரும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தொற்று கட்டுக்குள் வந்து, ரத்த அழுத்தத்துக்கான மருந்து குறைந்து, ஒரு சின்ன ஜன்னல் திறந்த நேரத்தில் மாற்றப்பட்டவர்கள். அந்த ஜன்னல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதுதான் இப்போது பல ஐசியூக்களில் நடக்கும் ஆராய்ச்சி. உங்கள் டாக்டரும் இதில் இருக்கலாம்.

குடியால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியிலும் இதே கதைதான். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் மாற்று என்று ஒரு விதி பல இடங்களில் இருந்தது. மருந்துக்கு மசியாத நோயாளிக்கு ஆறு மாதமே ஆயுள் இல்லை, அவர் எப்படிக் காட்டுவார்? 2011ல் பிரான்ஸ், பெல்ஜியம் மையங்கள் 26 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரமே மாற்றின. ஆறு மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்த குழுவில் 23 சதவீதம். இந்த முடிவை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. கொடையாக வந்த உறுப்பைக் குடித்தவருக்கா என்ற கேள்வி எழுந்தது. என் கருத்து, சாகக் கிடப்பவரின் கடந்த காலத்துக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை டாக்டருடையது இல்லை. யார் மறுபடி குடிக்காமல் இருப்பார் என்று கணிக்க முடியுமா என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம், அதைச் சிலர் உட்கார்ந்து செய்கிறார்கள்.

கடிகாரத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் நீட்டலாம். கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரலை ஐஸில் வைத்தால் அரை நாளுக்குள் வைத்து முடித்தாக வேண்டும். இப்போது சில மையங்களில் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து 37 டிகிரியில் ரத்தத்தை ஓட்டுகிறார்கள். நேரில் பார்த்தால் மறக்க முடியாது. உடம்பே இல்லாமல் ஒரு கல்லீரல் செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று கிடக்கிறது, பித்தக் குழாயின் நுனியில் பொன்னிறத்தில் பித்தம் சொட்டுகிறது. லாக்டேட் இறங்குகிறதா என்று பார்த்து, இந்த உறுப்பு வேலை செய்யுமா என்பதை நோயாளியின் வயிற்றுக்குள் வைக்குமுன்பே ஓரளவு சொல்லிவிடலாம். 2018ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் இப்படி வைத்த கல்லீரல்களில் சேதம் பாதியாகக் குறைந்தது, பயன்படாது என்று ஒதுக்கப்பட்டவையும் பாதியாகக் குறைந்தன. சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்திருந்து 2021ல் ஒருவருக்குப் பொருத்தினார்கள்.

ஐஸில் வந்த கல்லீரலாக இருந்தால், நோயாளியின் ரத்த ஓட்டத்தோடு இணைக்கும் நிமிடம் ஒரு தனிச் சோதனை. அறுவை நிபுணர் "திறக்கிறேன்" என்று சொல்லிப் பிடிப்பானை எடுத்ததும், வெளுத்துக் கிடந்த உறுப்பு ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வரும். அதே நொடியில் அதற்குள் இருந்த குளிர்ந்த, அமிலமும் பொட்டாசியமும் கூடிய திரவம் நேராக இதயத்துக்குப் போகும். ரத்த அழுத்தம் சரியும், இசிஜியின் அலைகள் கூராக நிமிரும். மயக்க மருத்துவர் கால்சியத்தையும் அட்ரினலினையும் ஏற்கெனவே ஊசியில் ஏற்றிக் கையில் வைத்திருப்பார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது நீடித்தால் அதற்கென்று தனிப் பெயர் உண்டு. யாருக்கு இது வரும், வந்தவரின் சிறுநீரகம் பிறகு என்ன ஆகிறது என்பதும் ஒரு ஆராய்ச்சிக் கிளை.

பழைய நம்பிக்கைகளை உடைப்பதும் இந்தத் துறையின் பெரிய பங்கு. சிரோசிஸ் நோயாளிக்கு ஐஎன்ஆர் கூடியிருந்தால் ரத்தம் கொட்டும் என்று பயந்து, சின்ன ஊசி குத்துவதற்கு முன்பே பை பையாகப் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றிக்கொண்டிருந்தோம். கல்லீரல்தான் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும் செய்கிறது, உறையாமல் தடுக்கும் புரதங்களையும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. ஐஎன்ஆர் ஒரு தட்டை மட்டும் பார்க்கும் தராசு. இவர்களுக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு என்று பிறகுதான் புரிந்தது. ஏற்றிய பிளாஸ்மா பல நேரம் கேடுதான் செய்தது. சாப்பாட்டிலும் அப்படியே. மூளை குழம்புகிறது என்று பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்ன காலம் இருந்தது. புரதத்தைக் குறைப்பதால் பலன் இல்லை, தசைதான் கரைகிறது என்று தெரிந்தபின், இப்போது உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறோம். யாராவது அப்பாவுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால், டாக்டரிடம் இதை மறுபடி கேளுங்கள்.

தோற்றுப்போன ஆய்வுகளுக்கும் மதிப்பு உண்டு. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்குத் தினமும் அதை ஏற்றி லிட்டருக்கு 30 கிராமுக்கு மேலே நிறுத்தினால் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் குறையும் என்று நினைத்து, பிரிட்டனில் 777 பேரிடம் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது: பலன் இல்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுதான் கூடியது. பிரான்ஸில் கல்லீரலுக்கான வடிகட்டும் இயந்திரம் ஒன்றை 102 பேரிடம் சோதித்தார்கள். அங்கே மாற்று கிடைத்தவர்களில் பாதிப் பேருக்குப் பட்டியலில் சேர்ந்து சுமார் 16 மணி நேரத்திலேயே அது கிடைத்துவிட்டதால், இயந்திரம் உதவியதா என்று சொல்லவே முடியாமல் போனது. நோயாளிக்கு நல்லது, ஆய்வுக்குக் கெட்டது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இனி கையெழுத்து. ஐசியூ ஆய்வில் நோயாளி பெரும்பாலும் நினைவிழந்திருப்பார், அதனால் உங்களைக் கேட்பார்கள். ஆய்வுகள் மூன்று வகைப்படும். முதல் வகையில் கேஸ் குறிப்புகளை மட்டும் எடுப்பார்கள், இல்லை எப்படியும் எடுக்கும் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள். நான் தயங்காமல் போடச் சொல்வேன். மேலே சொன்ன 588 பேர் குறிப்பும் 1343 பேர் குறிப்பும் இப்படித்தான் வந்தன. இரண்டாவது வகை, நோயாளி ஐசியூவுக்கு வெளியே இருக்கும்போது எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று பார்ப்பது. கைப்பிடியின் பலம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி, ஒரு காலை மற்றதற்கு முன்னால் வைத்து நிற்க முடிகிறதா. மாற்றுக்கு முன் யார் தாங்குவார் என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. அப்பாவுக்கும் பயிற்சிக்கு ஒரு தூண்டுதல்.

மூன்றாவது, புது மருந்தோ இயந்திரமோ குலுக்கல் முறையில் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காத ஆய்வு. இதில் உட்கார்ந்து கேளுங்கள். டெர்லிபிரெஸ்ஸின் என்ற மருந்து சிறுநீரகம் நின்றுபோன சிரோசிஸ் நோயாளிகளில் 32 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தை மீட்டது, மருந்து இல்லாதவர்களில் 17 சதவீதம். ஆனால் மூச்சுத் திணறி இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில்தான் அதிகம், 11 சதவீதத்துக்கு 2. நன்மையும் ஆபத்தும் இப்படி ஒரே மருந்துக்குள் இருக்கும். ஆகவே மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: குலுக்கலில் மருந்து கிடைக்காவிட்டாலும் வழக்கமான சிகிச்சை முழுதாக நடக்குமா, இந்த மருந்தால் எது நடந்தால் நிறுத்துவார்கள், இதில் சேர்ந்தால் மாற்றுப் பட்டியலில் அப்பாவின் இடம் மாறுமா. மூன்றாவதற்கு "மாறாது" என்று தெளிவாகப் பதில் வர வேண்டும். நாளைக்கே விலகிக்கொள்கிறேன் என்றாலும் யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருக்கும், அதை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். படிவத்தின் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போய் இரவு நிதானமாகப் படித்துவிட்டு, மறுநாள் கையெழுத்துப் போடலாம். அவசர ஆய்வாக இல்லாவிட்டால் எந்த நல்ல ஆராய்ச்சியாளரும் அந்த ஒரு இரவைக் கொடுப்பார்.